மோசின்-நகான் போல்ட்டைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிரிகரை இழுத்தால் 'டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, தோட்டா வெடிக்கவில்லை. போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உருளை) திறந்து தோட்டாவை எடுத்துப் பார்த்தால் பிரைமரில் (தோட்டாவின் அடியில் உள்ள, அடிபட்டால் பற்றும் சிறு மூடி) ஆழமில்லாத ஒரு குழி. பழைய மோசின்-நகான் 91/30 என்ற ரஷ்ய ரைஃபிளை வாங்கியவர்களில் பலருக்கு இது நடந்திருக்கும். உடனே "ஸ்பிரிங் போயிடுச்சு" என்று முடிவு கட்டி, புது ஸ்பிரிங்குக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். புது ஸ்பிரிங் வந்து சேரும், மாட்டுவார்கள், மறுபடியும் 'டக்'. காரணம், பல நேரம் அந்த போல்ட்டுக்குள் எதுவுமே உடைந்திருக்காது. பல பத்தாண்டுகளுக்கு முன்பு கிடங்கில் பூசிய கிரீஸ் உள்ளே இறுகிக் கிடக்கும், அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் பாகம் மாற்றுவது கடைசியில்தான் வரும். முதலில் பிரிப்போம், கழுவுவோம், பார்ப்போம். பூட்டிய பிறகு கட்டாயம் அளப்போம். அந்த அளவை எடுக்காமல் துப்பாக்கியில் தோட்டா போடக்கூடாது என்பதுதான் இதில் நான் விடாப்பிடியாகச் சொல்லும் ஒரே விஷயம்.

மற்ற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களை விட்டுவிட்டு மோசினை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1891-இல் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட வடிவமைப்பு இது. 1930-இல் திருத்தியது 91/30. தூலா, இஷெவ்ஸ்க் ஆலைகளில் கோடிக்கணக்கில் செய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ரஷ்யாவுக்காக அமெரிக்காவின் ரெமிங்டனும் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸும்கூட இதைச் செய்து கொடுத்தன. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கிடங்குகளில் இருந்தவை பெட்டி பெட்டியாக வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் ஒரு காலத்தில் 100 டாலருக்குக் கீழேயே கிடைத்தது. கனடாவிலும் வேட்டைக்காரர்கள் கையில் நிறைய உண்டு. பின்லாந்தோ ரஷ்ய ரிசீவர்களை (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) வைத்தே தன் சொந்த மாதிரிகளைக் கட்டிக்கொண்டது. அதிகம் படிக்காத படைவீரன் பனியில் உட்கார்ந்து பிரித்துப் பூட்ட வேண்டும் என்று நினைத்துச் செய்ததால், வீட்டு மேசையில் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான போல்ட் கிடையாது.

சட்டம்

இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதை அறிவுக்காக மட்டும் படியுங்கள். ஆயுதச் சட்டம், 1959-இன் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே தனி உரிமம் கேட்கிறது. வைத்துக்கொள்ள உரிமம் இருக்கிறது என்பதற்காக வீட்டில் பழுது பார்க்க முடியாது. உரிமம் பெற்ற கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவில் உங்கள் சொந்தத் துப்பாக்கியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், அடுத்தவர்களுக்குத் தொழிலாகச் செய்யத்தான் கூட்டரசு உரிமம் தேவை. கனடாவில் சாதாரண வகை ரைஃபிளைத் தோட்டா இல்லாமல் பூட்டி வைக்க வேண்டும், அல்லது போல்ட்டைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். ஆகவே அங்கே இருப்பவர்களுக்கு போல்ட்டைக் கழற்றுவது ஏற்கெனவே பழகிய வேலையாகத்தான் இருக்கும்.

உள்ளே என்னென்ன இருக்கிறது

மோசின் போல்ட்டில் மொத்தம் ஏழே பாகங்கள். கைப்பிடியோடு இருக்கும் குழாய்தான் போல்ட் உடம்பு. முன்னால் தனியாகக் கழலும் போல்ட் தலை. ரிசீவருக்குள் மாட்டிப் பூட்டும் இரண்டு காதுகளும் இதில்தான் இருக்கின்றன. தலையின் பக்கவாட்டில் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி. தலையையும் பின்பக்கத்தையும் இணைத்து நீளமாக ஓடும் சட்டம் ஒன்று. அதை இங்கே இணைப்புச் சட்டம் என்றே சொல்கிறேன். உடம்புக்குள் பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின், அதைச் சுற்றி ஸ்பிரிங். கடைசியில் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் உருண்டைக் குமிழ்தான் காக்கிங் பீஸ். ஃபயரிங் பின்னின் வால் இந்தக் காக்கிங் பீஸுக்குள் மரை போட்டு ஏறியிருக்கும்.

வேலை செய்யும் விதமும் எளிதுதான். கைப்பிடியை மேலே தூக்கும்போது உடம்பின் பின்பக்கச் சரிவு காக்கிங் பீஸைப் பின்னால் தள்ளுகிறது, ஸ்பிரிங் அழுந்துகிறது. மோசினைத் திறக்க இவ்வளவு பலம் வேண்டியிருப்பது இதனால்தான். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ரைஃபிள் போன்றவற்றில் மூடும்போது ஸ்பிரிங் அழுந்தும், திறப்பது லேசாக இருக்கும். போல்ட்டை மூடியதும் டிரிகரோடு சேர்ந்த சியர் காக்கிங் பீஸைப் பிடித்து நிறுத்துகிறது. டிரிகரை இழுத்தால் சியர் இறங்கும், பிடி விடும், ஸ்பிரிங் பின்னை முன்னே அடிக்கும். பின் எவ்வளவு தூரம் வெளியே எட்டிப் பார்க்கிறது என்பதைத் தீர்மானிப்பது காக்கிங் பீஸுக்குள் அது ஏறியிருக்கும் மரையின் ஆழம். இது நினைவில் இருக்கட்டும். பிறகு அளக்கும்போது இதுதான் கை கொடுக்கும்.

பிரிக்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

சுடும் இடத்தில் தோட்டா வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். சில பிரைமர்கள் தாமதமாகப் பற்றும். குழல் இலக்கையே பார்த்தபடி குறைந்தது 30 விநாடி, முடிந்தால் ஒரு நிமிடம் காத்திருந்து, அப்புறம் திறங்கள். வெடிக்காத தோட்டாவை எடுத்துப் பிரைமரைப் பாருங்கள். நல்ல ஆழமான குழி விழுந்திருந்தால் தோட்டாதான் பழுது, துப்பாக்கி இல்லை. பழைய ராணுவத் தோட்டாக்களில் இது சகஜம். குழி ஆழமில்லாமல் இருந்தால் பின் வேகமாகப் போகவில்லை அல்லது போதுமான தூரம் போகவில்லை. குழியே இல்லையென்றால் பின் முனை உடைந்திருக்கலாம். பிரைமரில் ஓட்டை விழுந்து, சுற்றிலும் கறுப்பாகப் புகை படிந்திருந்தால் அது இன்னொரு வகைத் தொல்லை: பின் அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது அல்லது முனை கூர்மையாகிவிட்டது. இந்தக் கடைசி வகையில் வெடிவாயு பின்னோக்கி முகத்துக்கு வரலாம். அதைச் சரி செய்யும்வரை அடுத்த தோட்டாவைப் போட வேண்டாம்.

கைப்பிடி முழுவதும் கீழே இறங்காத நிலையில் சுட்டாலும் அடி பலவீனமாக விழும். சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறை) பழைய கிரீஸும் தோட்டா மேல் பூசிய அரக்குப் பூச்சும் கலந்து ஒட்டிக்கொண்டால் கைப்பிடி கடைசி அரை அங்குலம் இறங்க மறுக்கும். ஆகவே போல்ட்டைப் பார்க்கும் அன்றே சேம்பரையும் துலக்கிவிடுங்கள்.

மேசையில் என்ன வேண்டும்

சோவியத் ராணுவம் ஒவ்வொரு ரைஃபிளோடும் கொடுத்த சிறு தட்டைக் கருவி கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையும், ஓரங்களில் வெட்டுகளும் கொண்ட இரும்புத் துண்டு அது. வெட்டுகளில் இரண்டின் அருகே 75, 95 என்று எண் பொறித்திருக்கும். பழைய சாமான் விற்பவர்களிடம் இன்றும் கிடைக்கிறது. இத்தோடு ஒரு மரக்கட்டை, பாதுகாப்புக் கண்ணாடி, பித்தளை பிரஷ், பழைய பருத்தித் துணி, மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன் வகைக் கரைப்பான், மெல்லிய துப்பாக்கி எண்ணெய், வெர்னியர் காலிப்பர். சிறு பாகங்களை வைக்க ஒரு தட்டு. பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஸ்பிரிட் வகைக் கரைப்பான்களை மரக்கட்டைப் பிடியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். போருக்குப் பின் புதுப்பித்த மோசின்களின் மரத்தில் பூசியிருப்பது அரக்குப் பாலிஷ், ஸ்பிரிட் பட்டால் கரைந்து வழியும்.

முக்கியமானது: வேலை செய்யும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. பெட்டியோடு வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பிரிப்பது

போல்ட்டைத் திறந்து மேகசினைப் பாருங்கள், சேம்பருக்குள் விரலை விட்டும் பாருங்கள். கண்ணை மட்டும் நம்பாமல் விரலையும் விடச் சொல்வது, கிரீஸ் படிந்த இருட்டுச் சேம்பரில் ஒரு தோட்டா கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால்தான். காலி என்று உறுதியானதும் டிரிகரை இழுத்துப் பிடித்தபடி போல்ட்டைப் பின்னால் இழுங்கள், முழுசாக வெளியே வந்துவிடும். போல்ட் பின்னால் கழன்று விழாமல் நிறுத்துவதும் அந்த டிரிகர்தான்.

வெளியே வந்த போல்ட் இன்னும் காக் ஆன நிலையில், ஸ்பிரிங் அழுந்தியபடி இருக்கிறது. இடக்கையில் உடம்பைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் காக்கிங் பீஸைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, பின்பக்கமிருந்து பார்க்கும்போது இடப்பக்கமாகத் திருப்புங்கள். சரிவில் இறங்கி 'டப்' என்று முன்னே போகும். குமிழ் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் வழுக்கும், துணியால் பிடியுங்கள். உங்கள் விரல் சரிவுக்கும் குமிழுக்கும் நடுவில் இருக்கக்கூடாது.

இப்போது தலையும் இணைப்புச் சட்டமும் முன்பக்கமாக வழுக்கிக்கொண்டு சேர்ந்தே வந்துவிடும். தலையைத் திருப்பினால் சட்டத்திலிருந்து பிரியும். எக்ஸ்ட்ராக்டரைத் தொட வேண்டாம். அது தலையில் இறுக்கமாகத் தட்டி ஏற்றிய பாகம். அடிக்கடி கழற்றினால் அது உட்காரும் தடம் தளர்ந்துவிடும். உடைந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

மீதி இருப்பது உடம்பு, அதற்குள் பின், ஸ்பிரிங், பின்னால் காக்கிங் பீஸ். கழற்றும் முன் காக்கிங் பீஸின் பின்முகத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டு நன்றாகப் பாருங்கள். நடுவில் பின்னின் வால் தெரியும், அதில் ஸ்க்ரூடிரைவர் போடும் அளவுக்கு ஒரு கீறல். அந்தக் கீறலுக்கு நேராகக் காக்கிங் பீஸிலும் சிறு கோடு வெட்டியிருக்கும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், ஆலையிலோ கிடங்கிலோ வைத்துவிட்டுப்போன அளவு அப்படியே இருக்கிறது என்று பொருள். ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்வால் காக்கிங் பீஸின் மட்டத்துக்குச் சமமாக இருக்கிறதா, உள்ளே போயிருக்கிறதா என்பதும் படத்தில் தெரிய வேண்டும்.

பின் முனையை மரக்கட்டை மேல் நேராக ஊன்றி, உடம்பைக் கீழே அழுத்துங்கள். ஸ்பிரிங் அழுந்த, காக்கிங் பீஸ் உடம்பின் வாயை விட்டு மேலே விலகும். அழுத்திய கையை விடாமலே மறு கையால் காக்கிங் பீஸை இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். கழன்றதும் உடம்பை மெதுவாக மேலே விடுங்கள். ஸ்பிரிங் நீளமானது, கையை விட்டால் பின்னோடு சேர்ந்து எகிறும். கண்ணாடி போடச் சொன்னது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

கழுவுவது

கிடங்கில் இருந்து வந்து யாரும் இதுவரை திறக்காத போல்ட் என்றால் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே காஸ்மோலின் என்ற அந்தக் கிடங்கு கிரீஸ் தேன் நிறத்தில் அப்பியிருக்கும். நாள் பட்டது கெட்டியாகிக் கறுத்து, நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வரும். வெயில் காலத்தில் இளகிக் கிடப்பதால் துப்பாக்கி ஒழுங்காகச் சுடும். குளிரில் இறுகிப் பின்னின் வேகத்தைக் குறைக்கும். "கோடையில் நன்றாக இருந்தது, வேட்டை சீசனில் காலை வாரிவிட்டது" என்று கனடாக்காரர்கள் புலம்புவதன் மர்மம் இதுதான்.

இரும்புப் பாகங்கள் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றினால் பெரும்பகுதி உருகி மிதக்கும். சமையலறைப் பாத்திரத்தை எடுக்காதீர்கள், அந்த வாடை போகவே போகாது. மீதியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளை பிரஷால் தேயுங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி இதைச் செய்யுங்கள். போல்ட் உடம்பின் உட்புறத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். துணியை முறுக்கி ஒரு முனையில் விட்டு மறுமுனையில் இழுத்து, சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். போல்ட் தலையில் பின் வெளியே வரும் ஓட்டையை மரக்குச்சியால் குத்தித் துலக்குங்கள். அதற்குள் பித்தளைத் தூளும் கருகிய அழுக்கும் இறுகி நின்று, பின்னை முழு தூரம் போகவிடாமல் செய்யும்.

காய்ந்ததும் மெல்லிய எண்ணெய் விட்ட துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிங் மேல் எண்ணெயைக் கொட்டினால் சில மாதங்களில் பழைய கதைதான். கடுங்குளிரில் சுடுபவர்கள் பின்னையும் ஸ்பிரிங்கையும் கிட்டத்தட்ட உலர்வாகவே விடுவது நல்லது.

எது தேறும், எது தேறாது

பாகங்கள் சுத்தமான பிறகுதான் உண்மையான பழுது கண்ணுக்குத் தெரியும்.

ஃபயரிங் பின் முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வழவழப்பான அரை உருண்டையாக இருக்க வேண்டும். சில்லு பெயர்ந்தது, துருப் பள்ளம் விழுந்தது, தட்டையானது எதுவும் ஆகாது. லேசான கறையைத் துணியால் துடைக்கலாம். ஆனால் முனையை அரத்தால் தேய்த்து வடிவம் கொண்டுவரும் வேலை வேண்டாம். நீளம் குறையும், கூர் விழும், பிரைமரைக் குத்தி ஓட்டை போடும். ஃபயரிங் பின் கிடைக்காத பொருள் இல்லை, விலையும் அதிகமில்லை, மாற்றிவிடுங்கள். வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிவிட்டுப் பாருங்கள். தள்ளாடினால் அதுவும் மாற்ற வேண்டியதே. தட்டி நேராக்கிய பின் இன்னொரு நாள் அதே இடத்தில் ஒடியும்.

ஸ்பிரிங்கில் துரு அரித்த சுருள், மடங்கிய சுருள், ஒரு பக்கமாகச் சாய்வு இருக்கிறதா என்று பாருங்கள். பலம் குறைந்ததா என்பதற்குப் புது ஸ்பிரிங் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுவதே சுலபமான வழி. தெளிவாகக் குட்டையாக இருந்தால் மாற்றுங்கள். கூடுதல் பலம் கொண்ட ஸ்பிரிங் என்று விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே தூக்கக் கடினமான கைப்பிடி இன்னும் கடினமாகும். அழுக்கு இருந்தால் அது அப்படியே இருக்கும்.

போல்ட் தலையின் முகத்தில், பின் ஓட்டையைச் சுற்றி அரிப்பு வளையம் இருந்தால் எப்போதோ பிரைமர் கசிந்து வெடிவாயு அரித்திருக்கிறது. மெல்லிய கறை பரவாயில்லை. ஓட்டையின் விளிம்பே பிய்ந்து அகன்றிருந்தால் தலையை மாற்ற வேண்டும். அது உங்கள் வேலை இல்லை. காரணம் ஹெட்ஸ்பேஸ். மோசினின் 7.62×54ஆர் தோட்டா தன் விளிம்பில் உட்காரும் வகை. மூடிய போல்ட் தலைக்கும் அந்த விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் அது. அது சரியாக இருந்தால்தான் கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) கிழியாது. பூட்டும் காதுகள் தலையிலேயே இருப்பதால், தலையை மாற்றினால் இந்த இடைவெளியும் மாறும். கோ, நோ-கோ, ஃபீல்டு என்ற மூன்று அளவைகளை வைத்துச் சோதிக்கத் தெரிந்த துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுங்கள். வேறொரு மோசினின் முழு போல்ட்டை எடுத்து மாட்டிக்கொள்வதும் இதே வகை விளையாட்டுதான். உடம்பில் இருக்கும் வரிசை எண்ணும் ரிசீவரில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனாலும், புதுப்பித்த கிடங்கில் பழைய எண்ணை அழித்துப் புது எண் பொறித்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

காக்கிங் பீஸில் சியர் பிடிக்கும் தளம் கூர்மையான ஓரத்தோடு இருக்க வேண்டும். அங்கே அரமோ, தேய்ப்புக் கல்லோ படக்கூடாது. டிரிகரை மென்மையாக்குகிறேன் என்று அந்த ஓரத்தை உருட்டிவிட்டவர்களின் துப்பாக்கி, போல்ட்டை வேகமாக மூடினாலே தானாக வெடிக்கும்.

மறுபடி பூட்டுவது

ஸ்பிரிங்கைப் பின்னில் மாட்டி, உடம்பின் முன்வாய் வழியாக உள்ளே விடுங்கள். பின் முனையை மரக்கட்டையில் ஊன்றி உடம்பை அழுத்தினால் பின்வால் மறுமுனையில் எட்டிப் பார்க்கும். காக்கிங் பீஸை வைத்து வலப்பக்கம் திருகுங்கள். முதல் இரண்டு சுற்றில் மரை கோணலாக ஏறினால் உடனே நிறுத்தி, கழற்றி, மறுபடி ஆரம்பியுங்கள். படத்தில் பார்த்தது போல வால் மட்டத்துக்கு வந்து, கீறலும் கோடும் நேராகும் வரை ஏற்றுங்கள்.

பின்னின் முன்பகுதியில் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கும். இணைப்புச் சட்டத்தின் குழாயில் உள்ள ஓட்டையும் அதே வடிவம். அதனால்தான் சட்டம் மாட்டிய பிறகு பின் தானாகச் சுழல முடியாது, வைத்த அளவும் கலையாது. கீறல் நேராக இல்லாவிட்டால் சட்டம் உள்ளே ஏறாது அல்லது கோணிக்கொண்டு ஏறும். பலம் போட்டுத் தள்ளாமல் பின்னைச் சற்றுத் திருப்பி நேராக்குங்கள்.

போல்ட் தலையைச் சட்டத்தின் குழாயில் செருகித் திருப்பி, இரண்டும் ஒன்றோடொன்று மாட்டி நிற்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். இழுத்தால் கழன்று வரக்கூடாது. பிறகு இரண்டையும் சேர்த்துப் பின் மேல் வழுக்கிவிட்டு, சட்டத்தின் பின்முனை காக்கிங் பீஸின் வெட்டில் உட்காரும்வரை தள்ளுங்கள்.

தலை சரியாக மாட்டியதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் கனடாப் படை கொண்டுபோன ராஸ் ரைஃபிளின் போல்ட்டைத் தவறாகப் பூட்டினாலும் அது துப்பாக்கிக்குள் போகும், மூடும், ஆனால் பூட்டாது. சுட்டால் போல்ட் பின்னோக்கிப் பாயும். வேறு கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, 1916-இல் கனடாப் படை லீ-என்ஃபீல்டுக்கு மாறியது. மோசினில் அந்த வகை ஆபத்து எளிதில் வராது. ஆனாலும் பூட்டும் காதுகள் கழலும் தலையில் இருக்கும்போது, தலை இல்லாத, அல்லது பாதி மாட்டிய போல்ட்டை ரிசீவருக்குள் தள்ளும் பழக்கமே வேண்டாம்.

அளப்பது

போல்ட் முழுசாகப் பூட்டிய நிலையில், காக்கிங் பீஸ் முன்னே இறங்கிய நிலையிலேயே, அதாவது சுட்டு முடிந்த நிலையில், பின் முனை தலையின் முகத்திலிருந்து எவ்வளவு துருத்துகிறது என்பதுதான் அளவு. கருவியின் ஓரத்தைப் போல்ட் முகத்தின் மேல் படுக்க வைத்து, 75 என்ற வெட்டைப் பின் முனையின் மேல் நகர்த்துங்கள். முனை வெட்டில் இடிக்க வேண்டும். 95 என்ற வெட்டை நகர்த்தினால் இடிக்காமல் தாண்டிப் போக வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 75, 95 பங்குகள் இவை, அதாவது சுமார் 1.9 மி.மீ.க்கும் 2.4 மி.மீ.க்கும் நடுவில். கருவி இல்லாதவர்கள் வெர்னியர் காலிப்பரின் ஆழக்குச்சியால் அளக்கலாம். ஆனால் போல்ட் முகம் உள்ளே குழிந்திருப்பதால் ஒரே முறையில் நம்பாமல் சில தடவை எடுத்துப் பாருங்கள்.

75 வெட்டும் இடிக்காமல் போனால் பின் குட்டை, அடி பலவீனம். 95 இடித்தால் பின் நீளம், பிரைமர் கிழியும். எதுவானாலும் தலையையும் சட்டத்தையும் கழற்றி, பின்வாலின் கீறலில் ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருப்ப வேண்டும். பின்பக்கமிருந்து பார்க்கும்போது வலப்பக்கம் திருப்பினால் பின் முன்னே நகரும், துருத்தம் கூடும். இடப்பக்கம் என்றால் குறையும். தட்டைச் சீவல் காரணமாக அரைச் சுற்று அரைச் சுற்றாகத்தான் நிறுத்த முடியும். திருப்பி, மாட்டி, அளந்து, போதாவிட்டால் மறுபடி. பொறுமை போகும் வேலைதான். கோடு நேராக இருந்தும் அளவு தப்பாக வந்தால், அந்தப் பின்னோ காக்கிங் பீஸோ வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் கோட்டை விட்டுவிட்டு அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிரிகர் பக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தொட வேண்டிய தேவை அரிது. 91/30-இன் டிரிகர் சுடாத நேரத்தில் தொளதொளவென்று ஆடும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்தார்கள். மரப்பிடியிலிருந்து ரிசீவரைக் கழற்றினால் அடியில் ஒரு தட்டை ஸ்பிரிங், ஒரு திருகாணி, ஒரு குறுக்குப் பின், டிரிகர் மட்டும்தான் இருக்கும். அங்கேயும் கிரீஸைக் கழுவி, திருகாணி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்பானக் கேன் தகட்டை வெட்டி ஸ்பிரிங்குக்கு அடியில் வைத்து இழுவையைக் குறைக்கும் வித்தை பரவலாகச் சுற்றுகிறது. சியர் பிடிக்கும் ஆழத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் குறைக்கும் வேலை அது. செய்யாதீர்கள்.

சோதிப்பது

போல்ட்டை ரிசீவருக்குள் விடும் முன் காக்கிங் பீஸைப் பின்னால் இழுத்து வலப்பக்கம் திருப்பி, காக் ஆன நிலைக்குக் கொண்டுவாருங்கள். இறங்கிய நிலையில் போல்ட் உள்ளே போகாது. முதல் முறை பூட்டுபவர்கள் "என்னமோ தப்பாகிவிட்டது" என்று பதறும் இடம் இதுதான். டிரிகரை இழுத்துப் பிடித்துப் போல்ட்டைத் தள்ளுங்கள், அப்புறம் டிரிகரை விட்டுவிடுங்கள்.

நிஜத் தோட்டா இல்லாமல், சேம்பரில் டம்மி (வெடிக்காத போலி) தோட்டா போட்டு, போல்ட்டை மூடித் திறந்து சில முறை பாருங்கள். போல்ட்டை ஓங்கி அடித்து மூடினாலும் காக்கிங் பீஸ் இறங்கக்கூடாது. ரப்பர் சுத்தியலால் ரிசீவரின் பக்கத்திலும் மரப்பிடியின் அடியிலும் தட்டினாலும் இறங்கக்கூடாது. அடுத்தது சேஃப்டி: காக்கிங் பீஸைப் பின்னால் இழுத்து இடப்பக்கம் திருப்பினால் ரிசீவரில் மாட்டி நிற்கும். அந்த நிலையில் டிரிகரை அழுத்துங்கள், ஒன்றும் நடக்கக்கூடாது. பிறகு குமிழைக் கையில் பிடித்தபடி சேஃப்டியை எடுங்கள். காக் ஆகவே நிற்க வேண்டும், கையோடு முன்னே வரக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் துப்பாக்கியை உறையில் போட்டு, தொழிலாளியிடம் கொண்டுபோங்கள்.

சுடும் இடத்துக்குப் போனதும் முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்ட கேஸை எடுத்துப் பிரைமரைப் பாருங்கள். நடுவில், ஆழமாக, ஓரம் கிழியாத குழி இருந்தால் அடுத்தது போடலாம். பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டால் அன்று மாலையே இன்னொரு வேலை இருக்கிறது. அவற்றின் பிரைமரில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் படியும். ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும் அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சோவியத் வீரனின் எண்ணெய்க் குப்பியில் இரண்டு அறைகள் இருந்ததும் இதற்காகத்தான்: ஒன்றில் எண்ணெய், மற்றதில் உப்பைக் கழுவும் காரக் கரைசல். வீட்டில் கொதிநீரே போதும். குழலில் ஊற்றி, போல்ட் தலையையும் பின் முனையையும் அதில் கழுவி, சூடு ஆறும் முன் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு முறை தடவிவிடுங்கள்.